வாடகைக் காரில் விபத்து: காப்பீடு யாருடையது, செலவு யாருடையது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையில் செல்ஃப் டிரைவ் நிறுவனம் ஒன்றிடம் மூன்று நாளைக்குக் கார் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருக்கிறார்கள். மரக்காணம் அருகே பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திடீரெனச் சாலையில் ஏற, அதைத் தவிர்க்கத் திருப்பியும் உரசிவிட்டு, கார் நடுத்தடுப்பில் போய் மோதியிருக்கிறது. பைக்கில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. மனைவிக்கு மணிக்கட்டில் முறிவு. காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, உடைந்த காரை மெதுவாக ஓட்டியே புதுச்சேரி போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வழியில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. இப்போது நிறுவனம் 1,38,000 ரூபாய் கேட்கிறது. “எங்கள் இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டிக்குத்தான், உங்களுக்கு இல்லை” என்கிறது. கட்டத்தான் வேண்டுமா?

முழுவதையும் கட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பகுதி உங்கள் தலையில்தான் விழும். எந்தப் பகுதி, ஏன் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். விபத்து வண்டிகளைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வாடகைக் கார் வழக்குகளில் பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் குழம்பினார்கள். காருக்கு “ஃபுல் இன்சூரன்ஸ்” இருக்கிறது என்றால் அது தமக்கும் இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள்.

அந்தப் பாலிசி உங்களுடையது அன்று. காரின் உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அது. உங்களுக்கும் காருக்கும் நடுவே இருப்பது நீங்கள் கையெழுத்திட்ட, அல்லது செல்பேசியில் “சம்மதம்” என்று அழுத்திய, வாடகை ஒப்பந்தம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பாலிசி இதைக் கொடுக்குமா? கொடுக்காது என்றால், ஒப்பந்தப்படி அதை என்னிடம் கேட்க முடியுமா?

முதலில் பைக்கில் வந்தவர். இந்த விஷயத்தில் நீங்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு (தேர்டு பார்ட்டி, அதாவது வண்டியால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்பீடு) இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலைக்கு வரக்கூடாது. காயம்பட்டவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டால் (நம் ஊர் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்பார்கள்) ஓட்டிய உங்களையும், கார் நிறுவனத்தையும், காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாகப் போடுவார். காரை ஓட்டியவர் வாடகைக்கு எடுத்தவர் என்பதாலேயே காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ள முடியாது. காயத்துக்கும் உயிரிழப்புக்கும் பாலிசியில் தொகை வரம்பு இல்லை. தீர்ப்பாயம் விதிப்பதை அது கொடுத்தாக வேண்டும். அவருடைய பைக், சாலைத் தடுப்பு போன்ற சொத்துச் சேதத்துக்கு வழக்கமான பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு.

இந்தப் பாதுகாப்பு எப்போது ஆட்டம் காணும் என்றால், ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாதபோது, குடித்திருந்தபோது, அல்லது வாடகைக்கு ஓட்ட பெர்மிட் இல்லாத வண்டி வாடகைக்கு ஓடியபோது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இவை 150ஆம் பிரிவில் இருக்கின்றன. அப்போதும் காயம்பட்டவரைத் தெருவில் விட்டுவிடாமல், முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும் வழக்கம் உண்டு. சுவரண் சிங் வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. காயம்பட்டவர் பிழைத்துக்கொள்வார், உரிமையாளர் மாட்டிக்கொள்வார், அவர் உங்களைத் தேடி வருவார்.

உரிமம் பற்றி ஒரு சொல். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகைக் காருக்குத் தனி பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான அனுமதி) வேண்டுமே என்று சிலர் உங்களைப் பயமுறுத்தலாம். 7,500 கிலோவுக்குக் குறைவான வண்டி என்றால், இலகுரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்துவிட்டது.

மருத்துவமனையில் பைக்கில் வந்த அந்தப் பையனின் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வலியில் துடிப்பவருக்குச் சிகிச்சைச் செலவுக்குக் கொடுத்ததில் தவறே இல்லை. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமையும்கூட. ஆனால் “தவறு என்னுடையதுதான், மொத்தச் செலவையும் ஏற்கிறேன்” என்று எதிலும் கையெழுத்திட்டு விடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, தொகை பேசவோ கூடாது என்பது எல்லா மோட்டார் பாலிசிகளிலும் இருக்கும் நிபந்தனை.

இனி கார். நீங்கள் அனுப்பிய கணக்கில் நான்கு வரிகள்: பம்பர், விளக்கு, ரேடியேட்டர், ஏர்பேக் உள்ளிட்ட பழுதுக்கு 71,000, இன்ஜின் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வேலைக்கு 32,000, கார் ஓடாத 14 நாளுக்கு, நாள் ஒன்றுக்கு 2,200 வீதம் 30,800, “நிர்வாகக் கட்டணம்” 4,200.

முதல் வரியைப் பார்ப்போம். நிறுவனம் சொல்வது போல மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் இருக்கிறதா என்பதை அவர்கள் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம். பாலிசி நகலைக் கேளுங்கள். முதல் பக்கத்தில் “ஓன் டேமேஜ்” என்ற தலைப்பில் ஒரு பிரீமியம் தொகை அச்சாகியிருந்தால், காரின் சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு இருக்கிறது என்று பொருள். கடன் வாங்கி வாங்கிய வண்டிக்கு வங்கிகளே அதைக் கட்டாயமாகக் கேட்கும். பிறகு ஏன் இல்லை என்கிறார்கள்? நான் பார்த்த வரையில் ஒரு காரணம் அடிக்கடி தட்டுப்படும். கிளெய்ம் போடாத வண்டிக்கு அடுத்த ஆண்டு பிரீமியத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. கிளெய்ம் போட்டால் அது போய்விடும். அதைவிட வாடகைக்காரரிடம் வசூலிப்பது சுலபம் என்று சில நிறுவனங்கள் முடிவு செய்துவிடுகின்றன. பிரீமியத்தைத் தம் செலவாகக் காட்டி, அதையும் சேர்த்துத்தான் உங்களிடம் வாடகை வாங்கினார்கள். கிளெய்ம் போடாமல் இருப்பது அவர்கள் விருப்பம். அந்த விருப்பத்தின் விலையை உங்கள் மேல் ஏற்ற ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் “விதிமீறல் இல்லாத விபத்தில் வாடிக்கையாளரின் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய்” என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த விவகாரத்தின் உயிர்நிலை அந்த வரிதான். முன்பதிவு செய்யும்போது சில நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு “சேதப் பாதுகாப்பு” என்று தருகிறார்களே, அது காப்பீடு அன்று. இத்தனைக்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன் என்று நிறுவனம் தரும் வாக்குறுதி அது. காப்பீட்டு நிறுவனம் கிளெய்மைத் தள்ளினாலும் அந்த வாக்குறுதி நிற்கும், நீங்கள் விதியை மீறாத வரை.

விதி என்றால் பாலிசியின் விதி ஒன்று, ஒப்பந்தத்தின் விதி வேறொன்று. உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி பெரும்பாலும் ஏற்கும். ஒப்பந்தமோ முன்பதிவில் பெயர் உள்ளவர் மட்டும் ஓட்ட வேண்டும் என்னும். பாதி வழியில் மைத்துனரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்து, அவர் கையில் கார் இடித்துவிட்டால், காப்பீட்டில் பிரச்சினை இராது. ஆனால் 10,000 ரூபாய் உச்சவரம்பு அந்த நொடியே காணாமல் போய்விடும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனதை ஜி.பி.எஸ். பதிவில் காட்டியும் இதே வரியை நீக்குவார்கள். உங்கள் வழக்கில் ஓட்டியது நீங்கள். வேகப் பதிவு எதையும் அவர்கள் காட்டவில்லை. ஆகவே வரம்பு உங்களுக்குப் பொருந்தும் என்பதே என் கருத்து.

காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாலும் 71,000-ஐ அப்படியே கொடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் ஏர்பேக்குக்கும் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. “பம்பர் டு பம்பர்” என்று நாம் சொல்லும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் இராது. இப்படிக் கழிந்து நிற்கும் தொகையைத்தான் நிறுவனங்கள் நம்மிடம் கேட்கின்றன. அதையும் 10,000 வரம்புக்குள்தான் கேட்க முடியும்.

இரண்டாவது வரி, இன்ஜின். இங்கே எனக்கு உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை. ரேடியேட்டர் முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினிய வலை. முன்பக்க மோதலில் எளிதில் கிழிந்துவிடும். கிழிந்ததும் பச்சை அல்லது சிவப்பு நிறத் தண்ணீர் காருக்கடியில் சொட்டும். அதோடு ஓட்டினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்ஜின் கொதித்து, ஹெட் வளைந்துவிடும். விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. சர்வேயராக நானே அந்த வரியைக் காட்டிப் பல இன்ஜின் கிளெய்ம்களைக் குறைத்திருக்கிறேன். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் காரை நிறுத்தாதது கவனக்குறைவு என்று நிறுவனம் வாதிட்டால், அதை மறுப்பது கடினம். நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, “ஓட்டியே வாருங்கள்” என்று அவர்கள் சொல்லித்தான் ஓட்டினீர்கள் என்றால் கதை மாறும். அந்த அழைப்பின் நேரம் உங்கள் செல்பேசியில் இருக்கும். இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இல்லையென்றால், இந்த 32,000-இல் பேரம் பேசிக் குறைக்கலாமே தவிர, முழுதாகத் தப்பிப்பது அரிது.

மூன்றாவது, ஓடாத நாள்களின் வாடகை. இதை எந்தச் சாதாரணப் பாலிசியும் கொடுக்காது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் உங்களிடம் கேட்கலாம். எழுதாவிட்டால் கேட்பது கடினம். எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. பம்பரும் ரேடியேட்டரும் மாற்ற 14 நாள் ஆகாது. பட்டறைக்குக் கார் எந்தத் தேதியில் வந்தது, வேலை என்று தொடங்கியது, என்று முடிந்தது என்பதற்கு ஜாப் கார்டு (பட்டறையின் வேலைப் பதிவுச் சீட்டு) கேளுங்கள். உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்த நாள்களையும், சர்வேயர் வராமல் கிடந்த நாள்களையும் உங்கள் மேல் போட்டிருப்பார்கள். நான்காவதான நிர்வாகக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் வரி இல்லையென்றால் அதை எடுத்தே விடலாம்.

பழைய கீறல்களை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லையா என்றும் பாருங்கள். புதிய கீறலில் தகடு வெள்ளி போலப் பளபளக்கும். ஓரத்தில் பெயின்ட் தூள் விரலில் ஒட்டும். சில வாரம் ஆன கீறலில் செம்பழுப்பாகத் துரு கோடு போட்டிருக்கும். பிளாஸ்டிக் வெடிப்பு என்றால் உள்ளே மண் உறைந்திருக்கும். அவர்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரியும். நீங்கள் அனுப்பியவற்றில் இடது பின்கதவுக்குக் கீழே இருக்கும் நசுங்கலில் துரு ஏறியிருக்கிறது. முன்பக்க மோதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காரை எடுக்கும்போதே பகல் வெளிச்சத்தில் சுற்றிவந்து, குனிந்து பம்பரின் அடிவிளிம்பையும் நான்கு சக்கர விளிம்புகளையும் வீடியோ எடுத்துக்கொண்டால், இந்த வாதமே எழாது.

இப்போது யாரும் கேட்காத, ஆனால் என்னை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த விபத்தில் மிகக் குறைந்த பாதுகாப்போடு இருந்தவர், ஓட்டிய நீங்கள்தான். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கலாம். ஆனால் அது பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளருக்கே. அதே நேரம் நீங்கள் மூன்றாம் நபரும் அல்லர். வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009ஆம் ஆண்டு நிங்கம்மா வழக்கிலும், 2020ஆம் ஆண்டு ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டுமே இரவல் வண்டியில் போய் இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்குகள். ஆகவே உங்கள் பிழையால் உங்களுக்கே அடிபட்டால், அந்தக் காரின் பாலிசியிலிருந்து வழக்கமாக எதுவும் வராது. எதிர் வண்டியின் பிழையை நிரூபித்தால் அதன் காப்பீட்டிடம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் வங்கிக் கணக்கு வழியாகவே கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் உண்டு. அது போதாது, தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள். மாதத்தில் இரண்டு முறை வாடகைக் கார் எடுக்கிற இளைஞர்கள் இதை எடுக்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மனைவியின் நிலை வேறு. அவர் பயணி. பைக் ஓட்டியவர் மேல் பிழை இருக்கிறது என்பது உங்கள் கூற்று. ஆகவே அந்த பைக்கின் காப்பீட்டு நிறுவனத்தையும், காரின் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்தே அவர் மனுப் போடலாம். காரின் பாலிசியில் பயணிகளுக்கான பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு கொடுக்கச் சொல்கிறது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். கட்டு பிரிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் எடுத்தது கறுப்புப் பலகைக் கார் என்பதால்தான் இவ்வளவும் பேச முடிகிறது. வெள்ளைப் பலகை போட்ட ஓன் போர்டு கார் என்றால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்திருக்கும். தனியார் கார் பாலிசியில் “வாடகைக்கோ கூலிக்கோ அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்” என்று அச்சடித்தே இருக்கிறது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் முன்பாகம் நொறுங்கிய அப்படிப்பட்ட கார் ஒன்றை ஒருமுறை பார்வையிடப் போனேன். நண்பர் இரவல் கேட்டார், கொடுத்தேன் என்றார் உரிமையாளர். ஓட்டி வந்த இளைஞர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் தையல் போட்ட பஞ்சு. உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டேன், முழுப்பெயர் தெரியவில்லை. பிறகு தயங்கித் தன் செல்பேசியை நீட்டினார். யு.பி.ஐ.-யில் 5,000 ரூபாய் அனுப்பியிருந்தார். கீழே குறிப்பில் அவரே “கார் வாடகை 2 நாள்” என்று தட்டியிருந்தார். கிளெய்ம் தள்ளுபடியானது. பழுதுச் செலவை உரிமையாளர் அந்த இளைஞரிடம் மாதத் தவணையாக வாங்கினார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். வாட்ஸ்அப் குழுக்களில் நாளுக்கு ஐந்நூறு, அறுநூறு குறைவாகக் கிடைக்கிறதே என்று இந்தக் கார்களை எடுக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். “இரவல் என்று சொல்லிக்கொள்ளலாம்” என்ற யோசனையும் வேண்டாம். பொய் வெளிப்பட்டால் உரிமையாளரின் கிளெய்மும் போகும், காவல் நிலையத்தில் நீங்கள் கொடுத்த வாக்குமூலமும் உங்களுக்கு எதிராக நிற்கும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், வண்டியின் வகையும் காப்பீடு எந்தத் தேதி வரை என்பதும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் எழுதுங்கள். பாலிசி நகல், கிளெய்ம் போட்டிருந்தால் அதன் எண், சர்வேயர் அறிக்கை, பட்டறையின் இறுதி பில், ஜாப் கார்டு, நாள் வாடகை கணக்கிட ஆதாரமான ஒப்பந்த வரி ஆகியவற்றைக் கேளுங்கள். கிளெய்ம் போடவில்லை என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டிடம் வாங்கிய சேதத்துக்கே உங்களிடமும் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். புகாருக்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீதின் நகலை இணையுங்கள், எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் அதையும். ஒப்பந்தப்படியான 10,000 ரூபாயைத் தரத் தயார் என்றும், இன்ஜின் வேலை குறித்து ஆவணங்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றும் முடியுங்கள்.

பதினைந்து நாளில் ஆவணங்கள் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அபராத விதியே இழப்புக்குச் சற்றும் பொருந்தாதது, ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடுவதாக இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் எடுக்க மாட்டார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததும் சர்வேயர் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். இன்ஜின் சேதத்தைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அந்த 32,000-இல் எவ்வளவு நியாயம் என்று சொல்கிறேன்.